உப்புப் பூத்த பீன்ஸ் தோட்டம்

நம்ம வயதுக்காரர்கள் கடைக்கு வந்தால் பீன்ஸை ஒடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. சின்னவர்கள் போனில் பேசிக்கொண்டே அள்ளிப் போடுகிறார்கள். ஒடிக்கிற சத்தம் கேட்டால் நான் தராசிலிருந்து நிமிர்ந்து பார்ப்பேன். எதிரே நரைத்த தலை இருக்கும். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தொம்மலூரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. மேலே ஏன் போகவில்லை என்பதும் இதற்குள் வரும்.

எங்கள் அப்பா பீன்ஸ் போட்டவர். நான் சொல்வது ஒரு வெயில்காலத்துக் கதை. அதற்குப் பிறகு அவர் எதையும் போடவில்லை.

நகரத்துக்குக் கிழக்கே எங்கள் நிலம். சாக்கடை ஏரியில் விழும், ஏரி வழிந்து ஆற்றில் சேரும், அதற்கும் கீழே. தென்பெண்ணை என்று பள்ளியில் சொன்னார்கள். வீட்டில் ஆறு என்றுதான் பேர். மற்ற ஆறெல்லாம் பங்குனியில் மணலாகிவிடும். இது காயாது. நகரத்தில் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் வந்துகொண்டே இருக்கும். கறுப்பாக ஓடும். ஓரத்தில் நுரை நிற்கும். அதில் சத்து இருக்கிறது, எருவுக்குச் செலவே இல்லை என்பார் அப்பா. பொய் இல்லை. முதலில் போட்டதெல்லாம் விளைந்தது. முள்ளங்கி என் கை நீளம் இருந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல் உடைக்க வந்தவர்கள். குவாரியில் மேஸ்திரி அப்பாவை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். சித்தப்பாவும் பின்னாலேயே நடந்தார். அப்புறம்தான் இந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். இனி இன்னொருத்தன் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதில்லை என்று அப்பா முடிவு செய்திருந்தார். நிலம் இருக்கிறவரைக்கும்தான் அந்த முடிவு நிற்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நிலத்தின் நடுவில் ஒரு கிணறு இருந்தது. சுற்றிலும் மண்மேடு. பக்கத்தில் ஆறு ஓடும்போது கிணறு எதற்கு என்று அப்பா கேட்டார். அப்போதெல்லாம் நகரத்துக் குப்பையை எருவுக்காக லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அப்பா சில லோடுகளைக் கிணற்றுக்குள் இறக்கச் சொன்னார். மண்மேட்டை வெட்டி மேலே தள்ளினார். கிணற்றடியில் கிடந்த துவைக்கிற கல்லை மட்டும் அம்மா உருட்டிக்கொண்டு வந்து எங்கள் குடிசையோரம் போட்டுக்கொண்டாள்.

நிலக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். ஊரில் அவரைக் கௌடர் என்பார்கள். எங்களோடு தமிழிலேயே பேசுவார், நடுவில் கன்னடம் வரும்.

"ஏனப்பா, கிணத்த மூடிட்டே?"

"ஆறு இருக்குதே கௌடரே. நாலு வரிசை கூட வெக்கலாம்."

"ஆகட்டும். புத்திவந்தன் நீ." சிரித்தார். பிறகு சொன்னார். "மழைக்கு முன்னாடி உன் குத்தகை முடியுது. இந்த பீன்ஸ் நல்லா வந்தா நிலம் இன்னும் அஞ்சு வருஷம் உனக்கே. வரலேன்னா விட்டுடு. ஆய்தா?"

"ஆய்து," என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

மாசியில் விதை ஊன்றினோம். கிணறு இருந்த இடத்திலும் ஊன்றினோம். கொடி ஏறத் தைல மரக் குச்சி வண்டியில் வந்து இறங்கியது. குச்சி நடும்போது தோட்டம் முழுக்கத் தைல வாசனை. அம்மாவின் உள்ளங்கை முழுக்கச் சிலாம்பு. சாயங்காலம் ஊசியால் எடுத்துவிடுவது என் வேலை.

காலையில் பள்ளிக்குப் போகும்முன் மடை திருப்புவதும் என் வேலை. ஆற்றோரம் எண்ணெய் இன்ஜின். அப்பா கைப்பிடியைச் சுற்றி விடுவார். அது இருமிக்கொண்டு கிளம்பும். தண்ணீர் வாய்க்காலில் வரும். ஒரு வரிசை நனைந்ததும் மண்ணைத் தள்ளி அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். அந்த வருஷம் சேற்றில் நின்றால் கால் விரலிடுக்கு எரிந்தது. அம்மா விளக்கெண்ணெய் தடவினாள். துணி துவைத்தால் சோப்பு நுரைக்கவில்லை. காய்ந்த வேட்டி அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. எங்கள் எருமை வழக்கம்போல ஆற்றில் இறங்கிப் படுத்தது. ஆனால் குடிக்கவில்லை. மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு கிடந்தது.

இதெல்லாம் தனித்தனியாக நடந்தது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு காலையில் வரப்பெல்லாம் வெளுத்திருந்தது. கோலமாவு சிந்தினாற்போல. தொட்டு நாக்கில் வைத்தேன்.

"அம்மா, உப்பு கரிக்குது."

அம்மாவும் வைத்துப் பார்த்தாள். துப்பினாள். "ஏங்க, இது உப்புங்க."

அப்பா குனிந்து பார்த்தார். "யூரியா போட்டேன்ல. மிச்சம் மேல வந்து பூத்திருக்கு."

"யூரியா உப்பு கரிக்குமாண்ணா?" என்றார் சித்தப்பா.

"நீ தின்னு பார்த்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப வாய மூடு."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். அந்த வெயில்காலத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கொடி குச்சியில் பாதி ஏறியது. பிறகு நின்றுவிட்டது. இலை ஓரம் முதலில் மஞ்சளானது. பிறகு பழுப்பானது. விரலில் தேய்த்தால் பொடியானது. வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடின செடியும் இப்படித்தான் தெரியும். அதனால் அப்பா தண்ணீர் போதவில்லை என்று நினைத்தார். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். காலையில் கிளம்பிய இன்ஜின் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடியது. டீசலுக்காக அம்மாவின் பித்தளை அண்டா போயிற்று. தண்ணீர் கூடக் கூட வரப்பு இன்னும் வெளுத்தது. யூரியா போதவில்லை போல என்று அப்பா அதையும் இன்னொரு தடவை தூவினார்.

சித்தப்பா செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். வேர் கறுத்து, நுனி கருகியிருந்தது.

"அண்ணா, உட உட மோசமாவுது. கொஞ்ச நாள் தண்ணிய நிறுத்திப் பாரு."

"நிறுத்தினா செத்துடும்டா."

"உட்டாலும் சாவுதே."

"அப்ப வானத்த பாத்து குந்து. மழ வரும், மொண்டு ஊத்தலாம்."

சித்தப்பா செடியை வீசிவிட்டுப் போனார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். விட்டாலும் சாகும், விடாவிட்டாலும் சாகும். வேறு தண்ணீர் இல்லை.

அம்மா சண்டையில் சேரவில்லை. குடிசையோரம் இருந்த கடைசி வரிசைக்கு மட்டும் மடையை அடைத்துவிட்டாள். அந்த வரிசையில் விதைக்கு விடலாம் என்று நினைத்தாளாம். ஊர் ரோட்டோரம் மேட்டில் ஒரு அடிபம்பு இருந்தது. குடிக்கிற தண்ணீர் அங்கேதான். அதிலிருந்து குடத்தில் கொண்டுவந்து செடிக்குச் செடி ஊற்றினாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகுதான் பம்பில் கூட்டம் குறையும். அதனால் எனக்குப் பள்ளி நின்றது. பெரிய குடம் அம்மாவுக்கு, சின்னது எனக்கு. அடுத்த வருஷம் போகலாம் என்றாள். நானும் சரி என்றேன்.

பம்பில் ஒரு அக்கா எங்களை விடமாட்டாள்.

"ஏய், ஆத்த வாசல்ல வெச்சிக்கினு இங்க வந்து அடிக்கிறியே. உங்க ஊட்ல இன்னா, கல்யாணமா?"

"எருமைக்குக்கா. ஆத்துத் தண்ணி குடிக்க மாட்டேங்குது."

"அடேங்கப்பா. நாளைக்கு காப்பி கேக்கும், போட்டுக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். குடிதண்ணீரை வயலுக்கு ஊற்றுகிறாள் என்று தெரிந்தால் குடத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அப்பாவிடமும் சொல்லவில்லை. தெருப்பம்பில் போய் என் மானத்தை விற்கிறாயா என்பார். அவர் இன்ஜினடியில் இருக்கிற நேரம் பார்த்து ஊற்றினோம். ஈரத்தின் மேல் காய்ந்த மண்ணைத் தள்ளி மூடினோம்.

அந்த வரிசை பச்சையாக நின்றது. குச்சி உச்சிவரை கொடி ஏறியது. பூவும் வைத்தது. பக்கத்து வரிசையில் கை வைத்தால் இலை உதிரும்.

அன்றைக்கு அம்மா எருமைக்குப் புல் அறுக்கப் போயிருந்தாள். அப்பா வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குடிசைப் பக்கம் வந்தார். அந்த வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு கொடியாகத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"டேய் தம்பி, ஓடிவாடா! இங்க பாருடா. நல்ல மண்ணு இங்கதான்டா இருக்கு. இதுக்கு நல்லாத் தண்ணி காட்டணும்," என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

மடை எப்படி அடைபட்டது என்று அவர் யோசிக்கவில்லை. மண்வெட்டியால் ஒரே வெட்டு வெட்டித் திறந்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மா வருகிறாளா என்று ரோட்டைப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் வரிசையின் கோடிவரை போனது.

அம்மா புல்கட்டோடு வந்தாள். கட்டைத் தலையிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"யாரு மடைய தொறந்தது?"

"நான்தான். பாத்தியா, எப்படி நிக்குதுன்னு!"

"அது பம்புத் தண்ணிங்க."

"என்னா பம்பு?"

"இதுக்கு நான் ஆத்துத் தண்ணியே உடல. ரோட்டுப் பம்புல அடிச்சி, குடத்துல கொண்ணாந்து ஊத்தினோம். நானும் பாப்பாவும்."

அப்பா பச்சை வரிசையைப் பார்த்தார். பக்கத்து வரிசையைப் பார்த்தார். பிறகு தோட்டம் முழுக்கப் பார்த்தார். திட்டுவார் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். அவர் ஆற்றோரம் நடந்து போய் இன்ஜினை நிறுத்தினார். அந்த நேரத்தில் அது நின்று நாங்கள் கேட்டதில்லை. எங்கேயோ காக்கை கத்துவது கேட்டது.

அந்த வரிசை உடனே சாகவில்லை. பூ மட்டும் உதிர்ந்தது.

மறுநாள் காலை அப்பா கிணற்றைத் தோண்ட ஆரம்பித்தார். அதன் மேல் இருந்த பீன்ஸைக் குச்சியோடு பிடுங்கி எறிந்தார். சித்தப்பா கேட்காமலே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். கீழே போகப் போக நகரத்துக் குப்பை அப்படியே இருந்தது. உடைந்த பல்பு, கந்தல், மட்காத ரப்பர் செருப்பு. நாற்றத்துக்கு அம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாள். சித்தப்பா உள்ளே நின்று வெட்டினார். அப்பாவும் அம்மாவும் கயிற்றில் கூடையை இழுத்தார்கள். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கித் தனியாகக் குவித்தேன். பக்கமெல்லாம் சரிந்து சரிந்து விழுந்தது. பல நாள் அதே வேலை.

ஒரு மத்தியானம் அடியில் தண்ணீர் கசிந்தது. அம்மா கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். சித்தப்பா குப்பையை ஒதுக்கி, தெளியட்டும் என்று காத்திருந்து, கையில் மொண்டு வாயில் வைத்தார்.

"எப்படிடா?"

சித்தப்பா துப்பினார்.

"இதுவும் ஆறுதாண்ணா."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்தார். கிணற்றை மூடியதால்தான் எல்லாம் கெட்டது என்று சாகிறவரை நம்பினார். அதைச் சொல்லித் தன்னையே திட்டிக்கொள்வார். எனக்கு வயதானபிறகுதான் வேறு மாதிரி தோன்றியது. அத்தனை நாள் பாய்ச்சிய தண்ணீர் எங்கே போயிருக்கும்? கீழேதான் இறங்கியிருக்கும். மூடாமல் விட்டிருந்தாலும் அந்தக் கிணறு தப்பித்திருக்காது. அதை அவரிடம் சொல்ல அப்போது யாரும் இல்லை. எனக்குப் புரிந்தபோது அவர் இல்லை.

காய்த்தவரை பறித்தோம். ஒவ்வொன்றும் வளைந்து, குட்டையாக, நுனி மஞ்சளாக இருந்தது. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு விடிகாலை காய்கறி லாரியில் மார்க்கெட்டுக்குப் போனார். கொத்தமல்லிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து போனோம். குளிருக்கு அப்பா தன் துண்டை எனக்குப் போர்த்திவிட்டார்.

மண்டிக்காரர் மூட்டையில் கைவிட்டு ஒன்றை எடுத்து ஒடித்தார். ஒடியவில்லை. வளைந்தது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஏனு சுவாமி, இது பீன்ஸா, ரப்பர் பேண்டா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

"ஆத்து சைடா?"

"ஆமாங்க."

"ஆத்து சைடு சரக்கு எல்லாம் இப்ப இப்படித்தான் வருது. ஓட்டல்காரனே வேணாங்கறான்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ ஒருத்தன் இல்லப்பா."

அதைக் கேட்டால் அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். இல்லை. தன் கைத்தவறு என்றால் அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். ஆறே இப்படி என்றால் என்ன செய்வது? நல்லதாகப் பொறுக்கி எடுத்ததற்கு மண்டிக்காரர் கொடுத்தது லாரிக்காரனுக்குச் சரியாகப் போயிற்று. மிச்சத்தை அப்பா தோளில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது நடந்தோம். வழியில் ஒரு மாட்டுக் கொட்டகை. கேட்காமலே மூட்டையை அவிழ்த்து மாடுகளின் முன்னால் கொட்டினார். அவை தின்றன. முழுக்கத் தின்று முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தார்.

மழைக்கு முன்னால் நிலக்காரர் வந்தார். ஒரு மண்கட்டியை எடுத்து நசுக்கினார். உள்ளங்கை வெளுத்தது.

"நான் குடுத்தப்ப வெல்லம் மாதிரி இருந்துச்சு மண்ணு. சுண்ணாம்பா ஆக்கி வெச்சிருக்கே. இத்தன தண்ணி யாரு உடச் சொன்னது?"

"ஆறு கெட்டுப்போச்சு கௌடரே."

"ஆறு எல்லாருக்கும்தான் ஓடுது. என் மண்ணுதான் போச்சு."

அவருக்கும் புரியவில்லை. அப்பா கைப்பழக்கம் இல்லாதவர், அதனால் கெட்டது என்று நினைத்தார். மண்ணைக் கெடுத்ததற்கு ஈடாக இன்ஜினை எடுத்துக்கொண்டார். வேறு இடம் பார்க்கிறவரை குடிசையில் இருந்துகொள்ளச் சொன்னார். பிறகு அவரே காய் போட்டுப் பார்த்தாராம். வரவில்லை. மாட்டுப்புல் போட்டார். புல் எந்தத் தண்ணீருக்கும் வரும், ஆனால் புல்லில் என்ன கிடைக்கும்? கடைசியில் மனைக்கு விற்றார். இப்போது அங்கே அடுக்குமாடி. அவர்களுக்கும் தண்ணீர் லாரியில்தான் வருகிறது.

சித்தப்பா அந்த வாரமே கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. நகரத்துக்குள் வேலை இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். எருமையும் போயிற்று. பால் வற்றின எருமை, கேட்டதுக்குக் கொடுத்தோம். அப்பா பீன்ஸ் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கட்டினார். அம்மா அதை எரித்துச் சமைத்தாள். சோற்றிலும் தைல வாசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா வந்தார். ஒரு பையில் அரிசி. ஒரு காகிதத்தில் கொஞ்சம் ஆட்டுக்கறி. அவர் நகமெல்லாம் நீலமாக இருந்தது. முழங்கை வரை நீலம். நான் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

அம்மா பரிமாறினாள்.

"என்னா வேல தம்பி?"

"சாயப் பட்டறைங்க அண்ணி. நூலுக்குச் சாயம் போடறது. தொட்டில தண்ணி ரொப்பி, சாயத்தக் கலக்கி, உப்பு கொட்டணும். அப்பதான் சாயம் புடிக்கும்."

"உப்பா?"

"மூட்ட மூட்டையா. எனக்கு அதான் வேல. தூக்கிட்டு வந்து, பிரிச்சி, கொட்டறது."

"அப்பறம்?"

"அப்பறம் நூல எடுத்துக்கினு தண்ணிய தொறந்து உட்டுடுவாங்க."

"எங்க?"

சித்தப்பா சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"பின்னாடி சாக்கடை போவுது அண்ணி."

அந்தச் சாக்கடை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அடுப்பில் குச்சி வெடித்தது. அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. எழுந்து சித்தப்பாவை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். குழம்புச் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அப்பா தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டார். வெளியே போய்க் கை கழுவிவிட்டு வந்தார். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இன்னும் ஆளு எடுக்கறாங்களாடா?"

சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுக்கறாங்கண்ணா."

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள்.